பன்னிரண்டு பேரும் மீதிப் பேரும்

இலங்கையின் தேசிய விளையாட்டாகக் கரப்பந்தாட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது 1991ஆம் ஆண்டிலாகும். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1916இல், கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் உடற்பயிற்சிப் பணிப்பாளராக விளங்கிய வோல்டர் கமக் இதனை இந்நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார். கிரிக்கெட்டுக்குக் கிடைக்கும் பணமும் விளம்பரமும் இதற்கு என்றுமே கிடைத்ததில்லை. ஆயினும் இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் ஊரே கூடி விளையாடலாம் என்பதனால், நகரத்து மைதானங்களை நம்பியிராமல் கிராமங்களில் இது வேரூன்றியது. யாழ்ப்பாணத்தில் ஆவரங்கால், புத்தூர்ப் பக்கங்களில் மாலை வேளையில் சென்று பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய விளையாட்டுக்குப் பாடசாலைகள் தமது அணியை எவ்வாறு தெரிவுசெய்கின்றன என்பது குறித்து நாம் அதிகம் பேசுவதில்லை. போட்டி முடிவுகள் பத்திரிகைகளில் வருகின்றன. வலய மட்டத்தில் வென்றவர், மாகாண மட்டத்துக்குச் சென்றவர் என்று படத்துடன் செய்தி வருகின்றது. அந்த அணிக்குள் நுழைய முயன்று திரும்பிப் போன பிள்ளைகளைப் பற்றி எந்த விளையாட்டுப் பக்கத்திலும் ஒரு வரி வருவதில்லை. பல்லாண்டுகள் அத்தகைய பக்கங்களுக்குச் செய்தி திருத்திக் கொடுத்தவன் என்ற வகையில் இதனை நான் அறிவேன்.

ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். அறுபது பேர் வந்து நிற்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் அன்று மாலை வீட்டுக்குத் திரும்புவார்கள். அது தவிர்க்க முடியாதது. ஆனால், எதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டோம் என்பதை அறிந்து திரும்புகின்றார்களா, அல்லது தமக்கு விளையாட்டே சரிவராது என்ற முடிவோடு திரும்புகின்றார்களா என்பதுதான் கேள்வி. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை எடுக்கும் அந்த முடிவு பெரும்பாலும் ஆயுட்காலத்துக்கும் நிலைத்துவிடுகின்றது.

பல பாடசாலைகளில் தெரிவு ஒரே ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடுகின்றது. காலைக்கூட்டத்தில் அறிவித்தல், பாடசாலை விட்டதும் மைதானத்தில் வரிசை. உயரமானவர்கள் ஒருபுறம் நிறுத்தப்படுகின்றார்கள். ஏற்கனவே ஊர்க் கழகத்தில் விளையாடுபவர்களை ஆசிரியருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஆளுக்கு இரண்டு பந்து. அவ்வளவுதான்.

உயரத்தைப் பார்ப்பது தவறென்று நான் சொல்லவரவில்லை. ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். அந்த உயரத்துக்கு மேலே கை போகாதவரால் பந்தை அறையவோ தடுக்கவோ இயலாது. ஆனால் களத்திலிருக்கும் ஆறு பேரும் அறைவதற்காக நிற்பவர்கள் அல்லர். பந்தை முதலில் எடுப்பவர் ஒருவர், உயர்த்திக் கொடுப்பவர் இன்னொருவர், அறைபவர் மூன்றாமவர். முதலாமவர் தவறினால் மற்ற இருவருக்கும் வேலையில்லை. பின்வரிசையில் நின்று பந்தெடுப்பதற்கென்றே ‘லிபரோ’ என்ற தனி வீரரைச் சர்வதேச விதிகள் 1998இல் ஏற்றுக்கொண்டன. ஜப்பானின் யொஷியே தக்கெஷிதா 159 சென்ரிமீற்றர் உயரமே உடையவர். உயர்த்திக் கொடுப்பவராக விளையாடியவர். 2006ஆம் ஆண்டின் உலக சம்பியன்ஷிப் தொடரில் மிகச்சிறந்த வீராங்கனையாகத் தெரிவானவர் அவரே. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். நம் பாடசாலைத் தெரிவொன்றில் வரிசையில் நின்றிருந்தால், எந்தப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மேலும், பதின்மூன்று வயதில் குள்ளமாக இருப்பவர் பதினாறு வயதிலும் குள்ளமாகவே இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முந்தி வளர்ந்தவரைத் திறமைசாலியென்றும் பிந்தி வளர்பவரைத் தகுதியற்றவரென்றும் கொள்வது, பிறந்த மாதத்தைப் பார்த்துப் பரிசு கொடுப்பது போன்றதாகும்.

தெரிவுக்குத் தயாராகும் பிள்ளைகளும் பெரும்பாலும் தவறான திசையிலேயே உழைக்கின்றார்கள். மைதானத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் வலையருகே நின்று ஓங்கி அறைய ஆசை. பார்ப்பவர் கைதட்டுவது அதற்குத்தான். ஆனால் அனுபவமுள்ள பயிற்றுநரின் கண் வேறிடத்தில் இருக்கும். எதிரணி போடும் சேர்விஸை இந்தப் பிள்ளை முன்னங்கையால் எடுத்து, உயர்த்திக் கொடுப்பவரின் தலைக்கு மேலே கொண்டுவந்து சேர்க்குமா என்பதே அவர் முதலில் பார்ப்பது. தனது சேர்விஸ் பத்தில் எத்தனை தடவை வலையைத் தாண்டி உள்ளே விழுகின்றது என்பது அடுத்தது. முன்னைய காலத்தில் சேர்விஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைத்தது. 1990களின் இறுதியில் அந்த விதி மாறி, ஒவ்வொரு பந்தாடலுக்கும் யாருக்காவது ஒரு புள்ளி என்றாயிற்று. இன்று வெளியே போகும் ஒவ்வொரு சேர்விஸும் எதிரணிக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் புள்ளி. 25 புள்ளிகள் கொண்ட ஒரு சுற்றில் நான்கைந்து சேர்விஸைப் பாழாக்குபவர் எவ்வளவு பலமாக அறைந்தும் பயனில்லை.

இவற்றைப் பழகுவதற்குப் பெரிய வசதிகள் தேவையில்லை. வீட்டுச் சுவர் ஒன்று போதும். சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதை முன்னங்கையால் எடுத்து, மறுபடியும் அதே இடத்துக்கு அனுப்புவது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், மூன்று வாரங்கள். கால்களை நகர்த்திப் பந்துக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கையை மட்டும் நீட்டலாகாது. பாய்ந்தால் இரண்டு கால்களும் தரையில் பட, முழங்கால் மடிந்து இறங்கப் பழகவேண்டும். சீமெந்துத் தரையில் நாள்முழுதும் பாயக்கூடாது. வேகமாக வளரும் வயதில் முழங்காற் சில்லுக்குக் கீழே வலி எடுத்தால் அதை மறைத்துக்கொண்டு விளையாடுவது வீரமன்று. ஓய்வெடுத்து வைத்தியரைக் காண்பதே முறை.

இங்கே பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு சொல். கரப்பந்தின் நிறை 260 முதல் 280 கிராம் வரை. உள்ளிருக்க வேண்டிய காற்றழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம் வரை மட்டுமே. கையால் அழுத்தினால் சற்றே உள்வாங்க வேண்டும். நமது மைதானங்களில் பந்தைக் கல்லுப்போலாகும்வரை காற்றடித்து வைத்திருக்கின்றார்கள். புதிதாக வரும் பிள்ளையின் கை சிவந்து வீங்குகின்றது. அது பயந்து கையை இழுக்க, “இதற்குத் துணிவில்லை” என்று தீர்ப்பு எழுதப்படுகின்றது. குறை பந்தில் இருக்கின்றது.

பெற்றோரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாடசாலை விட்ட மறுகணமே ரியூசன் வகுப்பு. சனி ஞாயிறும் அதுவே. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் விளையாட்டு என்ற சொல்லே வீட்டில் எழக்கூடாது. பெண் பிள்ளையாயின், மாலை ஆறு மணிக்குமேல் மைதானத்தில் நிற்பதற்கும், விளையாட்டுடைக்கும் உறவினர் வரை விளக்கம் கொடுக்க வேண்டியுள்ளது. போரும் இடப்பெயர்வும் கண்ட தலைமுறை, கல்வியொன்றே கைவிடாதது என்று நம்புவதில் நியாயம் உண்டு. ஆயினும் ஆறு பேர் சேர்ந்து, ஒருவர் தவறை அடுத்தவர் ஏந்திக்கொள்ளும் பழக்கத்தை எந்த ரியூசன் கொட்டிலும் கற்பிப்பதில்லை. வாரத்தில் மூன்று மாலைகளை விட்டுக்கொடுப்பதால் எந்தப் பிள்ளையின் எதிர்காலமும் கெட்டுவிடாது.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் நிலைமை முற்றிலும் வேறல்ல. கனடாவில் நம் பிள்ளைகள் பாடசாலை அணித் தெரிவுக்குச் செல்லும்போது, தந்தையர் ஊரில் விளையாடிய ‘ஓவர் கேம்’ பழக்கத்தைக் கற்றுக்கொடுத்து அனுப்புவதுண்டு. அது நம் ஊரின் அழகான ஆட்டம். எனினும் அங்கு எதிர்பார்க்கப்படுவது ஆறு பேர் இடம் மாறி மாறி நின்று ஆடும் ஆட்டம். முன்வரிசையிலும் பின்வரிசையிலும் எங்கே நிற்க வேண்டும், எப்போது இடம் மாறவேண்டும் என்பதையும் அறிந்து செல்வது பிள்ளைக்கு உதவும்.

ஆசிரியர்கள் என்னிடம் சொல்லக்கூடிய மறுமொழியை நான் அறிவேன். ஒரே ஆசிரியர் பாடமும் நடத்தி, மூன்று வயதுப் பிரிவுக்கும் அணி சேர்த்து, கோட்ட மட்டப் போட்டிக்கும் கொண்டுபோக வேண்டும். பந்து மூன்று, வலை ஒன்று, நேரம் இல்லை. உண்மைதான். ஆனால் நான் கேட்பவற்றுக்குப் பணம் செலவாகாது. தெரிவு நாளை இரண்டு வாரங்களுக்கு முன்னரே அறிவித்தல் பலகையில் இடலாம். என்னென்ன பார்க்கப்படும் என்பதை நான்கு வரியில் எழுதலாம். ஒரு மாலைக்குப் பதிலாக மூன்று மாலைகள் பார்க்கலாம். முதல் நாள் பதற்றத்தில் தடுமாறிய பிள்ளை மூன்றாம் நாள் தன் உண்மையான ஆட்டத்தைக் காட்டும். உயர்தர வகுப்பு வீரர்களைக் குறிப்பெடுக்க அமர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டுப் போகாமல், தெரிவாகாத பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு வசனம் சொல்லலாம்: “உன் கால் நன்றாக நகர்கின்றது, சேர்விஸ் மட்டும் பழகிக்கொண்டு அடுத்த ஆண்டு வா.”

நாற்பத்தெட்டுப் பேருக்கும் அதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் போதும். அடுத்த ஆண்டு அவர்களில் பத்துப் பேர் திரும்பி வந்தாலும், அந்தப் பாடசாலைக்கு இரண்டாவது அணி ஒன்று கிடைத்துவிடும். அதிபர்கள் இவ்வாண்டே இதனைச் செய்து பார்க்க வேண்டும்.