கார் கண்ணாடி கத்துகிறதா?

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். கணவர் பட்டனை அழுத்தினார். "கிரீச்" என்று ஒரு சத்தம்! கண்ணாடி பாதி ஏறியது, அப்படியே நின்றுவிட்டது. பின் சீட்டில் இருந்த குழந்தை தொப்பலாக நனைந்துவிட்டது.

"போன மாதமே கத்தியது. நீங்கள்தான் கவனிக்கவில்லை" என்றார் மனைவி.

அவர் சொன்னதுதான் சரி. கார் கண்ணாடி ஒரே நாளில் கெட்டுவிடுவது இல்லை. முதலில் கத்தும். பிறகு மெதுவாக ஏறும். கடைசியில் சிக்கிக்கொள்ளும். கத்தும்போதே கவனித்தால் பெரும்பாலும் ஒரு வாளித் தண்ணீரோடு காரியம் முடிந்துவிடும்.

ஏன் கத்துகிறது?

கண்ணாடியின் இரண்டு பக்கமும் ரப்பர் பள்ளம் இருக்கிறது. அதற்குள்தான் கண்ணாடி ஏறி இறங்குகிறது. கண்ணாடி கதவுக்குள் நுழையும் இடத்தில், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ரப்பர் பட்டைகள் இருக்கின்றன. ரோட்டுப் புழுதி இவற்றில் படிகிறது. வெயிலில் ரப்பர் காய்ந்து இறுகுகிறது. அதனால் கண்ணாடி உரசிக் கத்துகிறது.

பழைய அம்பாசடர் காரில் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றுவார்கள். இறுக்கமாக இருந்தால் கைக்கு உடனே தெரியும். இப்போது மோட்டார் இழுக்கிறது. அது படும் பாடு, பட்டனை அழுத்தும் விரலுக்குத் தெரிவது இல்லை!

வீட்டிலேயே செய்யலாம்

முதலில் ஒரு சோதனை. கண்ணாடியிலும் ரப்பரிலும் தண்ணீர் ஊற்றி, ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் குறை ரப்பரில்தான் இருக்கிறது.

கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ரப்பர் பள்ளத்துக்குள் விட்டுத் துடைக்க வேண்டும். துணியில் கறுப்பு அழுக்கு வரும். அது நிற்கும்வரை துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து ரப்பரில் மட்டும் தடவலாம். கார் உதிரிபாகக் கடைகளில் இது கிடைக்கும்.

கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். உள்ளே போன மழைத் தண்ணீர் வடிவதற்கான வழி அது. அங்கே சேறு அடைத்தால் தண்ணீர் தேங்கும், கதவு துருப்பிடிக்கும். ஒரு குச்சியால் அடைப்பை எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய் வேண்டாம்!

சத்தம் கேட்டதும் தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறவர்கள் உண்டு. கிரீஸ் தடவுகிறவர்களும் உண்டு. அன்றைக்குச் சத்தம் நிற்கும். மறுநாள் முதல் அந்தப் பிசுக்கில் புழுதி ஒட்டிக்கொள்ளும். மோட்டார் எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊதிப்போகவும் செய்யும். நோய் முன்பைவிட அதிகமாகும்.

சிக்கிய கண்ணாடிக்கு, பட்டனை விடாமல் அழுத்துவதும் தவறு. மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகலாம்.

பின் கண்ணாடி மட்டும் அசையவில்லையா? டிரைவர் பக்கத்தில் உள்ள பூட்டுப் பட்டனை முதலில் பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடாமல் இருக்க வைத்த பட்டன் அது. அதை யாரோ அழுத்தியிருப்பார்கள். அது தெரியாமல் மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

மெக்கானிக் எப்போது?

மோட்டார் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றால், உள்ளே கண்ணாடியைத் தூக்கும் கம்பியோ பல்சக்கரமோ போயிருக்கலாம். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், மோட்டார் இவற்றில் ஒன்று கெட்டிருக்கலாம். கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த வேலைகளுக்கு மெக்கானிக்தான் சரி. "முதலில் ரப்பரைத் துடைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விடக் கூடாது.

சின்ன விஷயமா?

"கண்ணாடிதானே, அப்புறம் பார்க்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கண்ணாடி இறங்காவிட்டால், வழி கேட்பதற்கும் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. ரோட்டுப் பக்கம் கதவு திறக்கும் நேரத்தில் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்தால் என்ன ஆகும்? ஓட்டி வருகிறவர் கதவில் மோதி விழுவார். அவருக்கும் வீட்டில் மனைவி, மக்கள் இருக்கிறார்கள்.

வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடிவிடும். ஏ.சி. நின்றுபோய், கண்ணாடியும் இறங்காவிட்டால் உள்ளே இருக்கும் குழந்தையும் முதியவரும் தவித்துப்போவார்கள்.

காரைக் கழுவும் நாளில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். வெளியே பளபளப்பாகத் துடைக்கிற கை, அந்த ரப்பரையும் ஒரு தடவை துடைக்கட்டும். அடுத்த மழையில் குழந்தை நனையாது.