எது ஊர்?

உச்சமுனையின் மணற்கரைக்கு வடக்கே விரிவது மன்னார்க் கடல். 1990 அக்டோபரில் மன்னார்த்தீவு முஸ்லிம்கள் பலர் அக்கடல் வழியேதான் படகேறிக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தனர். வடமாகாணத்தினின்று புலிகளால் விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம்!

அன்று கைக்குழந்தையாய் வந்தவர்கள் இன்று புத்தளத்திலே பிள்ளை பெற்று வளர்க்கின்றனர். "ஊர்" என்றால் தந்தைக்கு எருக்கலம்பிட்டி, மகனுக்கோ நாகவில்லு. தந்தையின் ஏக்கம் மகனுக்குப் பழங்கதை. மகனின் மௌனம் தந்தைக்கு நன்றிகெட்டதனம். இங்கே "அகதி" என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவன் மன்னாருக்குப் போனால், அங்கும் அந்நியன். பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்கும், முதுமரம் பிடிக்காது என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. உறக்கமின்மையையும் ஓயாத சினத்தையும் "குணம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அவை நோயாகவும் இருக்கலாம் என்பதை நம் வைத்தியர்களாவது உரத்துச் சொல்லலாகாதா?

விரட்டியது தமிழரின் பெயரால். ஆகவே வெறும் அனுதாபத்தோடு நாம் விலகிக்கொள்ள இயலாது. மீள்வோருக்கு மன்னாரிலே காணி வேண்டும். தங்குவோருக்குப் புத்தளத்திலே குறைவற்ற உரிமை வேண்டும். இரண்டிலொன்றைத் தெரிந்தெடு என்று ஒரே குடும்பத்தை நெருக்குவதை அரசு உடனே நிறுத்தவேண்டும்.