மயிர் என்றால் கூச்சம். பிலோசா என்றால் மதிப்பா?

திருவரங்கத்தில் உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி அண்மையில் எம்மை மடக்கினாள். பொது அறிவு நூல் ஒன்றில் தென்னமெரிக்க விலங்குகளுக்குப் 'பிலோசா' என்று பெயர் போட்டிருக்கிறது. பிறிதொரு பக்கத்தில் ஒரு களைச்செடிக்கும் 'பைடென்சு பிலோசா' என்று இருக்கிறது. "விலங்கும் செடியும் உறவா?" என்றாள். ஆசிரியரைக் கேட்டாயா என்றோம். "அப்படியே மனப்பாடம் செய் என்றார்" என்றாள்.

தமிழன்பர்களே! அக் குழந்தைக்கு ஒரு சொல்லில் விடை சொல்லியிருக்கலாம். இலத்தீனில் 'பிலுசு' என்பது மயிர். 'பிலோசா' என்பது மயிர் நிறைந்தது. அவ்வளவே! மரத்தில் தலைகீழாய்த் தொங்கும் சோம்பல் விலங்கையும் எறும்புண்ணியையும் 1883-இல் ஒரு வரிசையாக்கியபோது அவற்றின் அடர்ந்த மயிரைக் கண்டு அப் பெயர் இட்டனர். களைச்செடிக்கும் மயிர்த்தன்மை பற்றியே அவ் அடைமொழி. விலங்கிற்கு ஒரு பெயர்ச்சட்டம், செடிக்கு வேறொரு பெயர்ச்சட்டம். ஆகவே ஒரு சொல் இரண்டிடத்தும் வரத் தடையில்லை. 'பைடென்சு' என்பது ஈரெயிறு. காயின் முனையில் நீட்டிக்கொண்டு நம் வேட்டியில் தைக்கும் முட்களையே பல் என்றனர்.

இதனைத் தமிழில் சொல்ல என்ன தடை? கூச்சம்! 'மயிர்' என்றால் முகம் சுளிப்பவன் 'ரோமம்' என்ற வடசொல்லைத் தயங்காது எழுதுகிறான். 'பிலோசா' என்றாலோ கைகட்டி நிற்கிறான். வள்ளுவர் கவரிமாவைச் சொல்லுமிடத்து ஆண்ட சொல் இவனுக்கு இழிசொல்லாம்!

கேடு இதோடு நிற்கவில்லை. நம் காட்டில் செதிள் போர்த்த விலங்கு ஒன்றுண்டு. அதற்கு அழுங்கு என்பது பழம்பெயர். கடலோரத்தார் ஒருவகை ஆமையை அழுங்காமை என்பர். ஓட்டின் மேல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது அழுங்கின் செதிளைப் போன்றமையால் வந்த பெயர் என்பது எம் கருத்து. இத்தகைய பெயரைக் கைவிட்டு 'எறும்புத்தின்னி' என்று எழுதினார்கள். தென்னமெரிக்க விலங்கிற்கும் அதே பெயர்! உடலெங்கும் செதிளுடையதை மயிருடையதன் இனமென்று மாணவன் எண்ணினால் குற்றம் அவனுடையதா?

தேவாங்கின் கதையும் இதுவே. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கடவூர் மலைப்பக்கம் 2022-இல் அதற்கெனவே ஒரு காப்பிடம் அமைந்தது. அது குரங்கினத்திற்கு உறவு. சோம்பல் விலங்கைத் தேவாங்கு என மொழிபெயர்ப்போர் இன்றும் உளர்.

வெள்ளையனிடம் வாங்கினால் பிழையிராது என்பார்க்கு ஒன்று சொல்வோம். 1791-இல் சியார்ச்சு சா என்னும் ஆங்கிலேய விலங்கியலார், நம் நாட்டுக் கரடியின் நீண்ட உகிரையும் மேல்வாய் முன்பல் குறைவையும் கண்டு, அதனைச் சோம்பல் விலங்கினத்தில் சேர்த்துவிட்டார். பின்னர்த் திருத்தினர், ஆயினும் ஆங்கிலத்தில் அது இன்றும் 'சோம்பல் கரடி' தான். நம் சங்கப் புலவரோ அதனை எண்கு என்றனர். அது புற்றைக் கிண்டிக் குரும்பி உண்பதையும் பாடினர். கண்ணால் கண்டவர் யார்?

உலகப் பொதுப்பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அது அடைப்புக்குள் இருக்கட்டும். பாடத்தின் உடலில் தமிழ்ப்பெயர் நிற்கட்டும். மடி என்பது சோம்பல். எனவே சோம்பல் விலங்கு மடிமா. மற்றது எறும்புண்ணி. இரண்டும் சேர்ந்த வரிசை மயிர்மா. நம் காட்டுச் செதிள்விலங்கு அழுங்கு. இவற்றினும் நல்லவை கிடைத்தால் எம்முடையவற்றைத் தள்ளுக.

களைச்செடிக்கு மட்டும் நாம் பெயர் சூட்ட முந்தவேண்டா. திருச்சித் தூய வளனார் கல்லூரியின் இராபினாட்டு உலர்செடியகத்தில் மாத்தியூ அடிகளார் தமிழ்நாட்டுச் செடிகளைத் திரட்டி, 1981 முதல் பெருநூல்களாக வெளியிட்டார். செடியைத் திரட்டியாயிற்று, மலையில் வாழ்வோர் வாயிலுள்ள பெயர்களையும் அவ்வாறே முழுமையாகத் திரட்டவேண்டும். கொள்ளிடக் கரையில் ஆடையில் ஒட்டுவதை நாயுருவி என்று அச் சிறுமி அறிவாள். மலையில் ஒட்டும் இதற்கு அங்குள்ளார் என்ன பெயர் வைத்திருக்கின்றனர்? பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் செல்லும் அன்பர்கள் கேட்டு, கேட்ட ஊர்ப்பெயருடன் எழுதி விடுக்க.