இறந்தவரின் பெயரை எழுதுவது யார்?

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், இறப்பைப் பற்றிய தகவலை யார் தரவேண்டும் என்பதை வரையறுக்கிறது. மரணக் காரணத்துக்கு மருத்துவச் சான்று பெற வழிசெய்கிறது. இறந்தவரின் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் பதிவது என்பதற்கு அதில் விதி இல்லை. பல மொழியினர் வாழும் ஊர்களில் இது சிறு குறை அன்று.

மட்டாஞ்சேரியையும் அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியையும் எடுத்துக்கொள்ளலாம். மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல வீட்டுமொழிகள் இங்கே உண்டு. தோபிக்கானாவில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவருகின்றன. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் அடக்கத்தைத் தாமதிப்பதில்லை. யூதர் மரபும் அதுவே. சட்டமும் இதற்குத் தடையாக நிற்பதில்லை. இயற்கை மரணமாயின் அடக்கமோ தகனமோ முதலில் நடக்கலாம். 21 நாள்களுக்குள் பதிந்தால் போதும். மயானப் பொறுப்பாளரும் பதிவாளருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே, துயரம் தணியாத நேரத்தில் ஒருவர் வாயால் சொல்லும் பெயரே பல வேளைகளில் ஏட்டுக்குச் செல்கிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கேரளத்துச் சான்றிதழ் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமைவது. 'தங்கம்' என்னும் பெயரின் நடு ஒலியைத் தமிழ்நாட்டு வழக்கு ஆங்கிலத்தில் 'ஜி' எழுத்தால் குறிக்கும். கேரள வழக்கு 'கே' எழுத்தால் குறிக்கும். 'பழனி'யின் ழகரம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'எல்' ஆகும். கேரளத்தில் 'இசட், எச்' என்னும் ஈரெழுத்தாகும். சொந்த ஊரின் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் கோரும்போதும், வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ பணம் கோரும்போதும், ஒரே மனிதர் இருவராகத் தோன்றிவிடலாம்.

திருத்தத்துக்குச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இருக்கிறதே எனலாம். அப்பிரிவு பிழையான பதிவுகளுக்கானது. மூலப்பதிவை மாற்றாமல் ஓரக்குறிப்பாகத் திருத்தம் எழுதப்படும். ஆனால் மேற்கண்ட எழுத்துக்கூட்டல்களில் பிழை எதுவுமில்லை. ஒவ்வொன்றும் தன் மரபின்படி சரியானதே. சரியான ஒன்றைப் பிழையென்று மெய்ப்பிக்கும் சுமை, துக்கத்தில் இருக்கும் குடும்பத்தின்மேல் விழுகிறது.

மாநிலத்தின் ஆட்சிமொழியில் பதிவதே முறை என்னும் வாதம் நியாயமானது. மலையாளப் பதிவை எவரும் மறுக்கவில்லை. கேள்வி ஆங்கில வடிவத்தைப் பற்றியது. அது காதால் கேட்டோ மலையாளத்திலிருந்து பெயர்த்தோ எழுதப்படாமல், இறந்தவரின் அடையாள ஆவணத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுக்கப்படவேண்டும். ஆவணங்களுக்குள்ளேயே வேறுபாடு இருப்பின், மற்ற வடிவத்தையும் குறிக்கப் படிவத்தில் ஓர் இடம் வேண்டும். கையொப்பத்துக்கு முன் தகவல் தருபவரிடம் பெயரைக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இப்பதிவுகளைத் தேசியத் தரவுத்தளம் ஒன்றில் சேர்க்கிறது. அண்டை வீட்டாருக்குத் தங்கத்தம்மாள் யாரென்று தெரியும். கணினியோ எழுத்தை மட்டுமே அறியும். ஏடு அங்கே செல்லும் முன்பே, அவர் வாழ்ந்த பெயர் அதில் சரியாக ஏறியிருக்கவேண்டும்.