புரியாத இடத்தில் நில்லுங்கள்



"பிள்ளை தமிழைத் தடங்கலில்லாமல் படிக்கிறாள். என்ன படித்தாய் என்று கேட்டால்தான் விழிக்கிறாள்." பெங்களூரு வாசகர்கள் அடிக்கடி எங்களிடம் சொல்லும் கவலை இது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், பாட்டியிடம் பேச்சுத்தமிழ் என்று வளரும் குழந்தைக்குப் புத்தகத் தமிழ் இன்னொரு மொழி போலத்தான் இருக்கும். அதை மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள்.

1880-ல் உ.வே.சாமிநாதையருக்கே, படித்தும் பொருள் புரியாத இந்த நிலை நேர்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்தாதியும் தலபுராணமும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை எடுத்தபோது பல இடங்களில் பொருள் பிடிபடவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும், அதில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்றே தெரியவில்லை. அவர் அந்த இடங்களைத் தாண்டிப் போகவில்லை. உள்ளூர்ச் சமணர்களைத் தேடிச் சென்று அவர்கள் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். ஏடுகளை ஒப்பிட்டார். மேற்கோள்களின் மூலத்தைத் துருவினார். சிந்தாமணி அச்சில் வந்தது 1887-ல். ஏழு ஆண்டு வாசிப்பு! பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம் என்று அடுத்தடுத்துப் பதிப்பிக்கும் வழியும் அதில்தான் திறந்தது.

அப்படி நின்று படிக்க நம் குழந்தைகளையும் பழக்கலாம். பெங்களூரில் சனிக்கிழமை காலைகளில் கப்பன் பூங்காவில் பலர் பாய் விரித்து, பேசாமல் வாசிக்கிறார்கள். பார்க்கவே மனம் நிறைகிறது. ஆனால் குழந்தைகளுக்கு அமைதி மட்டும் போதாது, பேச்சும் வேண்டும். ஒரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, "அவன் ஏன் அப்படிச் செய்தான்? இனி என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சொந்த வார்த்தையில் சொல்லவிடுங்கள். தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாமல், அதே பத்தியை இன்னொரு முறை சேர்ந்து படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் நகர்ந்தாலே போதும். மதிப்பெண்ணுக்காக அவசரப்படுத்துவதுதான் வாசிப்பைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியவர்களுக்கும் இதே வழிதான். அல்சூர் ஏரிப் பக்கம் போனால் தமிழ்ச் சங்க நூலகத்துக்குள் நுழையுங்கள். கொஞ்சம் கடினமான நூலாகவே எடுங்கள். இந்த இதழிலும் புரியாத வரி இருந்தால் அடிக்கோடிட்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கு விளக்கம் தருவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்