மெடல் ரெடி... ஐஸ் ரெடியா? ஊருக்கு ஊர் மாரத்தான்: மறந்துபோகும் விஷயங்கள்!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ஏதாவது ஒரு ஊரில் மாரத்தான். ரத்ததானம், ஹெல்மெட், போதை ஒழிப்பு, கல்லூரி பொன்விழா என்று காரணத்துக்கு பஞ்சமே இல்லை. (42.195 கி.மீ. ஓடினால்தான் மாரத்தான். நம்ம ஊரில் 5 கி.மீ.க்கும் அதே பேர்தான். அது போகட்டும்.) டி-சர்ட் என்ன கலர், மெடல் எத்தனை, மேடையில் யார் யார் என்று பேசி முடிப்பதற்கே கமிட்டிக்கு ஒரு மாதம் ஓடிவிடுகிறது. நடுவழியில் ஒருத்தர் சுருண்டு விழுந்தால் என்ன செய்வது? இந்தப் பேச்சு கடைசி நாள்தான் வருகிறது. சில இடங்களில் வருவதே இல்லை.

இது சும்மா பயமுறுத்தும் கதை அல்ல. 2023 ஜூலையில் மதுரையில் நடந்த ரத்ததான விழிப்புணர்வு மாரத்தானில் ஓடிய கல்லூரி மாணவர் ஒருவர், ஓட்டத்தை முடித்த பிறகு உடல்நிலை மோசமாகி இறந்து போனார். மகன் மெடலோடு வருவான் என்று காத்திருந்த வீட்டுக்கு அப்படி ஒரு சேதி!

அமெரிக்காவில் குறைந்த சாவு

ஓட்டத்தில் இதயம் நின்று விழுபவர்கள் எத்தனை பேர் என்று அமெரிக்க டாக்டர்கள் இரண்டு முறை கணக்கெடுத்தார்கள். மாரத்தான், அரை மாரத்தான் இரண்டும் சேர்த்த கணக்கு இது. 2000 முதல் 2010 வரை 1 கோடியே 9 லட்சம் பேர் ஓடியதில் 59 பேர் விழுந்தார்கள். அதில் 42 பேர் பிழைக்கவில்லை. 2010 முதல் 2023 வரை 2 கோடியே 93 லட்சம் பேர் ஓடியதில் 176 பேர் விழுந்தார்கள். இறந்தது 59 பேர்.

கவனிங்க, விழுகிறவர்கள் விகிதம் அப்படியேதான் இருக்கிறது. முன்பு விழுந்த 10 பேரில் 7 பேர் போனார்கள். இப்போது 3 பேர், 4 பேர்தான். பக்கத்தில் நின்றவர் உடனே நெஞ்சை அழுத்தத் தெரிந்தவராக இருந்தார். ஷாக் கொடுக்கும் சின்னப் பெட்டி எட்டும் தூரத்தில் இருந்தது. முக்கியமான காரணம் இந்த இரண்டும்தான் என்கிறார்கள் அதே டாக்டர்கள். அந்தப் பெட்டியைத் திறந்தால் அடுத்து என்ன செய்யணும் என்று அதுவே பேசிச் சொல்லும். டாக்டர்தான் தொடணும் என்று இல்லை.

இதயம் நின்ற பிறகு ஒவ்வொரு நிமிஷமும் உயிர் கை நழுவிக்கொண்டே போகும். நம்ம ஊரில் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? மேடைக்குப் பின்னால், வி.ஐ.பி. கார்களுக்கு நடுவில். 7வது கிலோமீட்டரில் விழுந்தவனிடம் அது கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு எப்போது போய்ச் சேரும்? வழிநெடுக நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு கை தட்ட மட்டும் சொல்லித் தராமல், நெஞ்சை அழுத்தவும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் என்ன? பைக்கில் இரண்டு பேர் அந்தப் பெட்டியோடு சுற்றினால் இன்னும் நல்லது.

மீன் மார்க்கெட் ஐஸ் போதும்

அடுத்த எமன் வெயில். அமெரிக்காவில் ஃபால்மவுத் என்று ஒரு கடலோர ஊர். அங்கே மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்த்த டாமி லியோனார்ட் என்பவர் 1973ல் ஒரு ஓட்டப்பந்தயம் ஆரம்பித்தார். 7 மைல் தூரம். முதல் வருஷம் வந்தது நூறு பேர் வாக்கில்தான். பிற்பாடு ஆயிரக்கணக்கில் கூட்டம். நடப்பதோ ஆகஸ்ட் வெக்கையில். 18 வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்ததில் 274 பேருக்கு வெப்பத் தாக்கு வந்திருக்கிறது. ஒருத்தர் கூட சாகவில்லை!

மந்திரம் ஒன்றும் இல்லை. முடிக்கும் இடத்திலேயே பெரிய தொட்டிகளில் ஐஸ் தண்ணீர். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் உளற ஆரம்பித்தால் அப்படியே தூக்கி அதில் உட்கார வைத்து விடுகிறார்கள். முதலில் சூட்டைத் தணி, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இதுதான் அவர்கள் கணக்கு. நாலு பிளாஸ்டிக் தொட்டியும் மீன் மார்க்கெட் ஐஸ் கட்டியும் வாங்க லட்சம் ரூபாயா ஆகிவிடும்? மேடைக்கு வாங்கும் மாலைச் செலவில் முடிந்துவிடும்.

2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானில் வெயில் கொளுத்தியது. தண்ணீர் கிடைக்கவில்லை என்று ஓடியவர்கள் புலம்பினார்கள். ஒருவர் இறந்தார். பாதியிலேயே ஓட்டத்தை நிறுத்தினார்கள். இப்போது அங்கே பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடி வைத்திருக்கிறார்கள். கறுப்பு என்றால் ஓட்டம் ரத்து. யார் வந்திருந்தாலும் சரி.

நம்ம ஊர் கதை வேறு. ஐந்தரை மணிக்கு கிளம்ப வேண்டிய ஓட்டம், கொடி அசைக்க வேண்டியவர் வரவில்லை என்று ஏழு மணி வரை நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். கிளம்பும்போதே வெயில் மண்டையைப் பிளக்கும். வி.ஐ.பி. வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்கு கிளம்புவோம் என்று எந்தக் கமிட்டியாவது தைரியமாக நோட்டீஸில் அச்சடிக்குமா?

தண்ணீர் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாகம் இல்லாமலே மடக்கு மடக்கென்று குடித்தாலும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். 2002ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு அப்படி இருந்தது. நீண்ட தூரம் ஓடி மெதுவாக முடிக்கிறவர்கள்தான் உஷாராக இருக்கணும்.

தூரத்திலும் கோட்டை

பைக் மீட்டரை நம்பி தூரம் அளப்பவர்கள் கவனத்துக்கு. முறைப்படி அளப்பது சைக்கிளில், முன் சக்கரத்தில் எண்ணும் கருவி மாட்டி. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவே விடுவார்கள், குறைந்துவிடக் கூடாது என்று. ஆனாலும் 2021ல் இங்கிலாந்தின் பிரைட்டன் மாரத்தானில் ஒரு கூம்பை இடம் மாற்றி வைத்ததால் 568 மீட்டர் அதிகம் ஓடினார்கள். பாங்காக்கில் 2015ல் 21 கி.மீ. ஓட வந்தவர்களைத் தப்பான திருப்பத்தில் அனுப்பி 27 கி.மீ. ஓட வைத்தார்கள். 6 கி.மீ. கூட! ஒவ்வொரு திருப்பத்திலும் ஊர் தெரிந்த ஒரு ஆள் நிற்கணும் என்பது இதுக்குத்தான்.

ஓடாதவர்களும் அந்த ரோட்டில் இருக்கிறார்கள். விடிகாலை பூ மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கும் அம்மா, உழவர் சந்தைக்கு காய் கொண்டு போகிறவர், பிரசவ வலியோடு ஆட்டோவில் வருகிறவர். எந்த ரோடு, எத்தனை மணி வரை அடைப்பு, எங்கே கடக்கலாம் என்று மூன்று நாள் முன்னாடியே தெருத்தெருவாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால் பாதி சண்டை வராது. போலீசாருக்கும் நிம்மதி.

எல்லாம் முடிந்து, மெடலோடு செல்பி எடுத்து ஆள்கள் கிளம்பிய பிறகு ரோடு முழுக்க பேப்பர் கப்பும் தண்ணி பாட்டிலும் கிடக்கும். அதைப் பொறுக்குவது தூய்மைப் பணியாளர்கள். அந்த ஞாயிறு காலை வேலைக்கு அவர்களுக்கு டீக்காசு கூட பல கமிட்டிகளின் பட்ஜெட்டில் இருப்பதில்லை.