பனியன் கம்பெனிக்கும் பரீட்சை!

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒரு பரீட்சை வந்திருக்கிறது. விலையும் தரமும் மட்டும் இப்பொழுது போதாது. "சாயத் தண்ணீர் எங்கே போகிறது? ஓவர்டைம் கூலி கொடுக்கிறாயா?" என்று ஐரோப்பிய வியாபாரிகள் கேட்கிறார்கள். சரியான பதில் இல்லாவிட்டால் ஆர்டர் கைநழுவலாம்.

இத்தகைய பரீட்சை நடத்தும் கம்பெனிகளில் ஒன்று, பாரீஸ் நகரில் 2007-ல் தொடங்கிய 'எக்கோவாடிஸ்'. மொத்தம் 100 மார்க். சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன், நாணயம், சரக்கு வாங்கும் முறை ஆகிய நான்கையும் பார்க்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மார்க் போடுகிறவர் ஆலைக்கு நேரில் வருவதில்லை. எல்லாம் காகிதம்தான்! கரண்ட் பில், சம்பளப் பட்டியல், தீயணைப்புப் பயிற்சி ரிஜிஸ்தர் எல்லாம் தேதியுடன் தயாராக இருக்க வேண்டும். கேள்விகள் வந்த பிறகு தேடினால் ஆகாது. நல்லது செய்தும் எழுதி வைக்காதவருக்கு மார்க் இல்லை. இது நியாயமா என்பது வேறு விஷயம்.

நொய்யல் ஆறு கெட்டுப்போனதால், 2011-ல் சென்னை ஐகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. பலருடைய பிழைப்பு போயிற்று. பிறகு கழிவு நீரைச் சுத்தம் செய்து, திரும்ப உபயோகித்தார்கள். வீண் செலவு என்று அன்று முணுமுணுத்தார்களே, அந்தக் கணக்குதான் இன்று மார்க் வாங்கித் தருகிறது.

கஷ்டம் யாருக்கு? ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகளுக்குத்தான். பெரிய கம்பெனி அவர்களிடமும் கணக்குக் கேட்கிறது. அங்கேயோ கணக்கு எழுத ஆள் கிடையாது.